நெரவி பழசைச் சொல்லும்

காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் நெரவி பஸ் வந்து நிற்கும். நெற்றியில் பெரிய எழுத்தில் நெரவி என்று எழுதியிருக்கும். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு நெரவி நெரவி என்று கத்திக்கொண்டிருப்பார். நான் சொல்ல வந்தவர் மட்டும் கீழே நின்றுகொண்டு, "இது நெரவி போவுமா?" என்று கேட்பார். முதலில் கண்டக்டரிடம். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒரு அம்மாவிடம். அப்புறம் பூக்காரியிடம். மூன்று பேரில் இரண்டு பேர் ஆமாம் என்றால்தான் படியில் கால் வைப்பார். கண்டக்டருக்கு அவரைப் பல வருடமாகத் தெரியும். "ஏறுங்க சார், நேத்து போன ஊருக்குத்தான் இன்னிக்கும் போவுது" என்பார். அந்தக் கிண்டலையும் ஒரு ஓட்டாகவே எண்ணிக்கொள்வார் இவர்.

அவரோடு நான் பல வருடம் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பக்கத்து மேஜை. அவரைப் பற்றி எனக்கு இன்றுவரை பிடிபடாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கேள்விகளில் அவருடைய சுபாவம் எவ்வளவு, மறதி எவ்வளவு? எந்த இடத்தில் ஒன்று போய் மற்றது வந்தது? எழுதிப் பார்த்தால் தெளியும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போதே குழம்ப ஆரம்பித்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இரண்டு அறைகள். அதுதான் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி. அவர்தான் முதலாளி. ஆனால் முதலாளி நாற்காலியில் எப்போதும் பழுதான பிரிண்டர் ஒன்று உட்கார்ந்திருக்கும், அவர் ஸ்டூலில் இருப்பார். டேட்டாபேஸ் வேலை அவருடையது. ஆட்கள் பார்க்கிற திரைகளை எழுதுவது நான். கணக்கும் போனும் பாத்திமா. நாங்கள் இருவரும் அவரை அண்ணே என்போம். அவர் என்னை ஏம்மா என்பார். கோபம் வந்தால் மட்டும் மேடம் என்பார்.

மதியச் சாப்பாட்டில் உப்பு சரியா என்று மூன்று பேரிடம் கேட்பார். அவர் தட்டில் இருக்கும் சாம்பார், அவர் நாக்கு, கேட்பது எங்களிடம். நானும் பாத்திமாவும் ஆளுக்கு ஒரு சொட்டு உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும். இருவரும் மாற்றிச் சொன்னால் கீழே டீக்கடை செல்வத்துக்கு ஒரு கிண்ணம் போகும். எனக்கு எரிச்சலாக வரும். "உங்களுக்கு எப்படி இருக்குண்ணே, அதச் சொல்லுங்க" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். "எனக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா அது ஒரு ஆளு சொல்றதுதானே?" என்றார். அந்த ஒரு ஆள் அவர்தான்.

அண்ணியிடம் மட்டும் இந்த விளையாட்டு கிடையாது. அவர் மனைவியைத்தான் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் முதல் வேலையாகப் பிரிண்டரைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்காருவார். "பொண்ணு பாத்துட்டு வந்து இவரு மூணு பேர்கிட்ட கேட்டாராம். ரெண்டு பேரு வேணாம்னுட்டாங்களாம்" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். பாத்திமா விடுவாளா? "அப்புறம் எப்படிண்ணே கட்டுனீங்க?" என்றாள். அவர் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "இவள்ட்டயே போயிக் கேட்டேன். சரின்னா" என்றார். அவ்வளவுதான். அண்ணி சொன்னால் அவருக்கு வேறு ஆள் தேவையில்லை. வீட்டில் மருந்து, துணி, யார் வீட்டுக் கல்யாணம், எதுவானாலும் ஒரே தடவைதான் கேட்பார். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இனி திருநள்ளாறு விஷயத்துக்கு வருகிறேன். அங்கே லாட்ஜ் வைத்திருக்கும் சிலர் ஒன்றாகச் சேர்ந்து எங்களிடம் வந்தார்கள். சனிக்கிழமை கூட்டம் தாங்கவில்லை, எந்த லாட்ஜில் எந்த அறை காலி என்று எல்லோரும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றார்கள். இங்கே கொஞ்சம் காற்றடித்தால் கரன்ட் போகும், கரன்ட் இருந்தால் நெட் போகும். அதனால் ஒரே தகவலை மூன்று மெஷின்களில் வைப்பது என்று அவர் திட்டம் போட்டார். ஒன்று எங்கள் மாடியில், ஒன்று திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜின் பின்னறையில், ஒன்று நெரவியில் அவர் வீட்டிலேயே, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி மேல். ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டும் சமாளிக்கும். ஊர்ப் பெயரையே மெஷின்களுக்கும் வைத்துவிட்டோம். நெரவி மெஷினை அண்ணி பார்த்துக்கொண்டார். விளக்கு அணைந்தால் உடனே போன் வரும். "ஏம்மா, நெரவி கண்ண மூடிடுச்சு. உங்க அண்ணன்ட்ட சொல்லிடு."

மூன்று மெஷின் வைத்தாயிற்று. அவற்றோடு பேசுவது எப்படி? நாங்கள் எழுதும் நிரல் நேராக டேட்டாபேஸோடு பேசாது, நடுவில் ஒரு தரகர் வேண்டும். அதற்குக் கிளையன்ட் லைப்ரரி என்று பெயர். யாராரோ எழுதி இணையத்தில் வைத்திருப்பார்கள், நமக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளலாம். அலசிப் பார்த்ததில் இரண்டு மிஞ்சின. இரண்டின் பெயரும் வாயில் நுழையவில்லை. நான் ஒன்றுக்குச் சாது என்றும் இன்னொன்றுக்கு வம்பு என்றும் பெயர் வைத்தேன்.

சாதுவிடம் கேள்வியே எழுத வேண்டாம். அறை எண்ணைக் கொடுத்தால் போதும். எந்த மெஷின் முதலில் அகப்படுகிறதோ அதைக் கேட்டு உடனே பதிலைக் கொண்டுவந்துவிடும். வம்புவிடம் அந்தக் கதை நடக்காது. ஒவ்வொரு கேள்வியையும் நாமே வரிவரியாக எழுத வேண்டும். ஒரு மெஷின் சொன்னால் போதுமா, இரண்டு மெஷின் ஒரே பதிலைச் சொல்ல வேண்டுமா என்பதையும் அந்தக் கேள்விக்குள்ளேயே சொல்ல வேண்டும். இரண்டு என்று சொல்லி இரண்டு கிடைக்காவிட்டால் தெரியவில்லை என்று கையை விரித்துவிடும். என் ஓட்டு சாதுவுக்குத்தான். திரைகளை எழுதுவது நான், மாரடிப்பதும் நான்.

அவர் வழக்கம்போல ஆரம்பித்தார். என்னிடம் கேட்டார், சாது என்றேன். பாத்திமாவிடம் கேட்டார். "எது வந்தா நீங்க ரெண்டு பேரும் சண்ட போடாம இருப்பீங்களோ அதுண்ணே" என்றாள் அவள். அப்புறம் கீழே இறங்கிப் போய்ச் செல்வத்திடம் கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன், டீ குடிக்க.

"செல்வம், ஒரு ஆளு கேட்ட உடனே பதில் சொல்லிடுவான். சில சமயம் பழசச் சொல்லிடுவான். இன்னொருத்தன் ரெண்டு எடத்துல விசாரிச்சுட்டுத்தான் வாயத் தொறப்பான். சில சமயம் தெரியலன்னுடுவான். எவன வேலைக்கு வப்ப?"

செல்வம் பாலை ஆற்றிக்கொண்டே யோசித்தான். "சம்பளம் எவன் கம்மியா கேக்குறான்?"

ஆளுக்கு ஒன்று சொல்லியாயிற்று, முடிவு இல்லை. மறுவாரம் மறுபடி ஒரு சுற்று கேட்டார். அதற்கடுத்த வாரமும் கேட்டார். நான் பொறுமை இழந்து, "சாதுவ வச்சு ஓட்டிப் பாப்போம்ண்ணே, ஆகாசமா இடிஞ்சு விழுந்துடும்?" என்று சொல்லி வெள்ளோட்டத்தை ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் இடிந்து விழுந்தது. முந்தின நாள் நெரவியில் கரன்ட் இல்லை. அந்த நேரத்தில் திருநள்ளாற்றில் ஒரு அறையை ஒரு குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். கரன்ட் வந்து நெரவி கண் விழித்தபோது அதற்கு அந்த விஷயம் தெரியாது. அந்த நேரம் பார்த்து இன்னொரு லாட்ஜிலிருந்து அதே அறையைக் கேட்க, சாது ஓடிப்போய் நெரவியைக் கேட்டிருக்கிறது. காலி என்று நெரவி சொல்லிவிட்டது. இரண்டாவது குடும்பம் வந்து இறங்கி, நேரே குளத்தில் முழுகிவிட்டு, உடை மாற்ற லாட்ஜுக்கு வந்திருக்கிறார்கள். அறைக்குள் வேறு ஆட்கள்.

மேனேஜர் போனில் கத்தியது பாத்திமாவின் காதைத் தாண்டி எனக்கே கேட்டது. "குழந்த குட்டியோட ஈரத்துணியில வாசல்ல நிக்கிறாங்க. ஒங்க கம்ப்யூட்டரு வந்து தல தொவட்டி விடுமா?"

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "நெரவி பொய் சொல்லலம்மா. அதுக்குத் தெரிஞ்ச பழசச் சொல்லுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வம்புவை ஏற்றினார். வம்புவிடம் ஒரு நல்ல குணம் உண்டு. இரண்டு மெஷின் ஒன்றைச் சொல்லி மூன்றாவது பழசைச் சொன்னால், அந்தப் பின்தங்கியதற்கும் புதுசைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வரும். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அது அவருடைய சொந்தப் பிள்ளை மாதிரி.

எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை வந்தது ஒரே ஒரு தடவைதான். வம்பு வந்த பிறகு திரையில் அடிக்கடி 'தெரியவில்லை' என்று வந்தது. லாட்ஜ்காரர்கள் என்னைப் பிடுங்கி எடுத்தார்கள். நான் அவர் மேஜைக்குப் போய், "தெரியலன்னு காட்ட வேணாம்ண்ணே. கடைசியா என்ன இருந்துச்சோ அதயே காட்டிடுறேன்" என்றேன்.

"வேணாம்."

"ஆளு எதுர நின்னுகிட்டு இருப்பாங்க. எவ்வளவு நேரம் காக்க வைக்கிறது?"

"பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கட்டும் மேடம். ரூமு என்ன மீனா, கெட்டுப்போறதுக்கு?"

மேடம் வந்துவிட்டது, நான் என் மேஜைக்குத் திரும்பிவிட்டேன். பிறகுதான் உறைத்தது, இதை மட்டும் அவர் பாத்திமாவிடமோ செல்வத்திடமோ கேட்கவே இல்லை.

வம்பு ஓட ஆரம்பித்துப் பல மாதங்கள் ஆகியிருக்கும். எல்லோருக்கும் பழகிவிட்டது. ஒருநாள் காலையில் அவர் ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு என்னிடம், "ஏம்மா, அந்த லைப்ரரி எதுன்னு இன்னிக்கு முடிவு பண்ணிடலாமா?" என்றார்.

நான் சிரித்தேன். என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்தேன். "சாதுவே வச்சுக்கலாம்ண்ணே" என்றேன், நக்கலாக. அவர் தலையாட்டிவிட்டுப் பாத்திமாவிடம் போனார். "யா அல்லா, வம்புதான் ஓடிக்கிட்டு இருக்கே அண்ணே" என்றாள் அவள். பிறகு கீழே இறங்கிப் போனார். மாடிப்படியிலிருந்து எனக்குக் கேட்டது. "வம்பு வச்சாச்சுன்னு நீங்கதானே எனக்கு முட்டாய் குடுத்தீங்க?" என்றான் செல்வம்.

"ஆமால்ல" என்றபடி மேலே ஏறி வந்தார். இரண்டுக்கு ஒன்று. உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டார். அன்று அவர் செய்த வேலையில் ஒரு பிழை இல்லை.

அதுதான் என்னைக் குழப்புகிறது. ஒருவருக்கு மறதி வந்தால் எங்காவது தட்டுப்பட வேண்டும் அல்லவா? தப்பான பஸ்ஸில் ஏற வேண்டும், இரண்டு முறை சாப்பிட வேண்டும், சொன்ன தேதியை விட வேண்டும். அவர் ஒன்றையும் விடவில்லை. மூன்று பேரிடம் கேட்கிறவர் எப்படித் தப்பு செய்வார்? ஊரே அவருக்கு ஞாபகமாக இருந்தது. நாங்களும் அதை அவருடைய கோணங்கித்தனம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மனசு கேட்காமல் அண்ணிக்குப் போன் செய்து லைப்ரரி விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் அண்ணி குக்கரை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"எங்கிட்டயும் இப்பல்லாம் ரெண்டு தடவ கேக்குறாரும்மா" என்றார். பிறகு வெண்டைக்காய் விலையைப் பற்றிப் பேசினார்.

அண்ணிக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்று இருந்தேன். மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அண்ணி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டார். "அண்ணி மௌத்தாயிட்டாங்களாம்" என்று பாத்திமா போனில் சொன்னபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அன்று நெரவி முழுக்கக் கரன்ட் இல்லை. கூடத்தில் அண்ணியைக் கிடத்தியிருந்தார்கள். சென்னையிலிருந்து மகள் இன்னும் வந்து சேரவில்லை. உறவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, அவர் தலைமாட்டில் அசையாமல் இருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைத் தூக்கி, "ஏம்மா, நெரவி ஏந்திரிச்சிடுச்சா?" என்றார். ஒரு பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினார். எனக்கு அவமானமாக இருந்தது, யாருக்காக என்று தெரியவில்லை.

"இன்னும் இல்லண்ணே" என்றேன்.

"கரன்ட் வந்தா பழசச் சொல்லும். பாத்துக்க" என்றார்.

சாயங்காலம் கரன்ட் வந்தது. ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் அந்த மெஷின் கண் விழித்து, மழைக்கு முந்தின நாளின் காலி அறைகளைச் சொல்லியது. மற்ற இரண்டும் அதற்குப் புதுசைச் சொல்லிக்கொடுத்தன. அது என் போனில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு மழையில் நின்றிருந்தேன். அவர் குழம்பிப்போய் அப்படிக் கேட்டாரா, இல்லை அந்த வீட்டில் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைப் பிடித்துக்கொண்டாரா? மாற்றி மாற்றி நினைத்தேன்.

கொஞ்ச நாள் அலுவலகம் வந்தார். பிறகு வரவில்லை. மகள் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று சொல்லி நெரவிக்கு வந்துவிட்டாள். டாக்டரிடம் அழைத்துப் போனாள். மறதி நோய்தான், ஆரம்பித்துப் பல வருடம் ஆகியிருக்கும் என்றாராம். பல வருடம் என்றால் எப்போதிலிருந்து? சாம்பாரிலிருந்தா, பஸ்ஸிலிருந்தா? அப்படியென்றால் வம்புவைத் தேர்ந்தெடுத்தது யார்? ஒரு மெஷினை மட்டும் நம்பாதே என்று அவர் எங்களுக்குச் சொன்னது அனுபவத்தாலா, இல்லை தன் தலைக்குள் விளக்கு அணைந்து அணைந்து எரிவதைப் பார்த்த பயத்தாலா? வம்பு இன்றைக்கும் நன்றாகத்தான் ஓடுகிறது. அதனால் கேள்வி தீர்ந்துவிடவில்லை.

நானும் பாத்திமாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரைப் பார்க்கப் போனோம். மகள் வாசலுக்கே வந்து எங்களை நிறுத்தி, மெதுவான குரலில் சொன்னாள்.

"அம்மா எங்கன்னு தெனமும் கேக்குறாருக்கா. செத்துப் போயிட்டாங்கன்னு சொல்றேன். அப்பதான் கேள்விப்பட்ட மாதிரி அழுவுறாரு. மறுநாளு மறுபடியும் கேக்குறாரு. பொய் சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா எத்தன தடவதான் அவருக்கு நான் எழவு சொல்றது?"

உள்ளே போனோம். அவர் இளைத்திருந்தார், ஆனால் சட்டை தோய்த்துத் தேய்த்ததாக இருந்தது. எங்களை அடையாளம் தெரிந்தது. செல்வத்தை விசாரித்தார், பிரிண்டரை விசாரித்தார். மகள் தட்டு வைத்துச் சோற்றுப் பானையைக் கொண்டுவந்தாள். அவர் தட்டுகளைப் பார்த்தார். ஒன்று குறைந்தது போலத் தோன்றியிருக்க வேண்டும்.

"அம்மா எங்கம்மா?" என்றார் மகளிடம்.

அவள் பானையைக் கீழே வைத்தாள். "அம்மா செத்துப் போயிட்டாங்கப்பா."

அவர் முகம் மாறவில்லை. அது ஒரு ஆள் சொல்வதுதானே, இன்று கேட்க வேறு ஆட்களும் இருந்தோம். பாத்திமா பக்கம் திரும்பினார். "பாத்திமா, அண்ணி எங்க?"

பாத்திமாவின் கண் நிறைந்துவிட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "கடத்தெருவுக்குப் போயிருக்காங்கண்ணே. வந்துருவாங்க" என்றாள்.

மகள் பாத்திமாவைப் பார்த்தாள். அதில் கோபமா நன்றியா, எனக்குத் தெரியவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா?"

ஒன்றுக்கு ஒன்று ஆகிவிட்டது. இனி நான் சொல்வதுதான் முடிவு. மகள் பக்கம் பேசினால் அண்ணி இந்த நிமிடம் இவருக்குச் சாவார், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பாத்திமா பக்கம் பேசினால், இந்தப் பெண் தினமும் ஒற்றை ஆளாக உண்மையைச் சொல்லி வந்ததை நான் பொய்யாக்கிவிடுவேன். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நெரவி மெஷினின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"தெரியலண்ணே" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். என் திரையில் அந்த வார்த்தை வந்தபோதெல்லாம் நான் அவரிடம் போட்ட சண்டை அவருக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ. கோபப்படவில்லை, அழவில்லை. மெல்லத் தலையாட்டினார்.

"தெரியலையா? சரி, பதில் வரட்டும். சோத்த மூடி வைம்மா, கொஞ்சம் பொறுத்துச் சாப்புடுவோம்."

மகள் எழுந்து போய் இன்னொரு தட்டு எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். பானையை மூடினாள். பிறகு நாங்கள் நான்கு பேரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்து, அண்ணிக்காகக் காத்திருந்தோம்.